லோக்கல்ஹோஸ்ட் எந்த ஊர்?

2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. அப்போது நான் சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி வாத்தியார். முந்தைய ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் மாணவர்களுக்கும் மடிக்கணினி வந்திருந்தது. விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் அதில் உண்டு. இணையம்தான் இல்லை. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில் அதற்கு மாதாமாதம் யார் காசு கட்டுவது?

பாடங்களையும் தேர்வுகளையும் மூடிலில் போட நினைத்தேன். வெளியூர் சர்வரில் இடம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதைத் திறக்கவே இணையம் வேண்டும். ஆகவே வகுப்புக்குள்ளேயே சர்வர்.

மூடிலை எழுதிய மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பள்ளிப்பாடம் அவருக்கு ரேடியோ வழியாக வந்தது. பெர்த்தில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விலைகொடுத்து வாங்கிய ஒரு பாட மென்பொருளைப் பராமரித்து, அதில் சலித்துத்தான் தானே ஒன்றை எழுதினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று முதல் பதிப்பு வந்தது. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அது ஓட அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூன்றும் வேண்டும். மூன்றுமே 1995இல் வெளிவந்தவை. தனித்தனியாக நிறுவி ஒன்றோடொன்று பேசவைப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். 2002இல் ஜெர்மனியில் தொடங்கிய அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழு இவற்றை எக்சாம்ப் என்று ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொடுத்தது. அது எழுதிப் பழகுவதற்கானது. தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல்கூட இருக்காது. அதைப் போட்டுவிட்டு நிறுவினேன்.

என் திரையில் அழகாகத் திறந்தது. மாணவர்களுக்குத் திறக்கவில்லை.

"சார், ஒண்ணுமே வரலை சார்."

நிறுவும்போது தள முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்திருந்தேன். அது 'நான்' என்ற சொல்லைப் போல. சொல்கிறவரையே குறிக்கும். என் கணினியைத் தேடிவந்த ஒவ்வொருவரையும் மூடில் அவரவர் கணினிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வருக்கு நிலையான எண் முகவரி ஒன்றைக் கொடுத்து, அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றியதும் எல்லோருக்கும் வந்தது.

அடுத்து கரண்ட். லேபின் பெரிய கணினி ஒருநாள் தேர்வு நடுவில் அணைந்து, விடைகள் இருந்த அட்டவணை பழுதானது. பிறகு சர்வரை ஒரு மடிக்கணினிக்கு மாற்றினேன். வேகம் குறைவுதான்; ஆனால் பேட்டரி உண்டு. ரூட்டருக்கு மட்டும் இன்வெர்ட்டர்.

இந்த ஊர் இப்படி ஒரு முடிவை முன்பே எடுத்திருக்கிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். முதலில் ஜெர்மன் இயந்திரங்கள், பிறகு கைவேலை. மழை பொய்த்த கரிசலில் கைகளுக்கா பஞ்சம்? அந்த முடிவு ஊருக்குச் சோறு போட்டது. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளையும் தீப்பெட்டி ஆபீசுக்குள் இழுத்துக்கொண்டது. ஒரு கருவியை எங்கே, எப்படி வைப்பது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. யார் படிப்பார், யார் வெளியே நிற்பார் என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்த தேர்விலும் கரண்ட் போனது. விசிறி நின்றது. இருட்டில் இருபது முகங்கள் திரை வெளிச்சத்தில். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"நெட்டும் இல்ல, கரண்டும் இல்ல. எப்படி சார் ஓடுது?" என்றாள் ஒருத்தி, தலை நிமிராமலே.