அளவு சொல்லாத குகை: ‘கொலோசல் கேவ்’ மூலமும் மறுஆக்கமும்

டென்னிஸ் ஜெர்ஸ் 2007இல் ‘டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் குவார்ட்டர்லி’ இதழில் வெளியிட்ட கட்டுரையை ஒதுக்கிவிட்டு எழுத்தாலேயே ஆடும் கணினி ஆட்டமான ‘கொலோசல் கேவ்’ பற்றி இன்று எதுவும் எழுத முடியாது. அதை முதலில் எழுதிய வில் க்ரௌதரின் மூல நிரல் அழிந்துபோயிற்று என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அந்த ஆட்டத்தை விரித்து எழுதிய டான் வுட்ஸின் ஸ்டான்ஃபோர்ட் மாணவர் கணக்கு ஒன்றின் காப்புப் பிரதியிலிருந்து அது மீண்டு வந்தது. க்ரௌதர் எழுதியது குகையைச் சுற்றிக்காட்டும் நிரல்தான், மாயமும் பகையும் வுட்ஸ் கைவண்ணம் என்று அதுவரை வழங்கிவந்த கதை அத்தோடு முடிந்தது. கோடாலி எறியும் குள்ளர்கள், வழி மறிக்கும் பாம்பு, அதை விரட்டும் பறவை, மந்திரச் சொல், பிளவின்மேல் தோன்றும் பாலம் எல்லாம் க்ரௌதரிடமே இருக்கின்றன. இந்தப் பாதியில் ஜெர்ஸுடன் எனக்குப் பிணக்கில்லை.

பிணக்கு மறுபாதியில். நிரலோடு நிற்காமல், கென்டக்கியின் மம்மத் குகைத் தொகுதியைச் சேர்ந்த ஆட்டத்துக்கு மூலமான குகைக்கே போனார் அவர். ஆட்டத்தின் அறை வருணனைகளைப் பாறையோடு வைத்து ஒத்துப் பார்த்தார். ‘ஒய்2’ என்று பொறித்த பாறை ஆட்டத்தில் வருகிறதே, அது குகை அளவையாளர்கள் இட்ட குறி. இப்படிப் பொருந்துவன பல. உழைப்பு பெரிது, ஐயமில்லை. ஆனால் படித்து முடிப்பவர் மனத்தில் ஓர் அளவுகோல் தங்கிவிடுகிறது: எழுத்து பாறைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உயர்வு. ஜெர்ஸ் இதை விதியாகச் சொல்லவில்லை. கட்டுரையின் போக்கு அங்கே இழுக்கிறது. அந்த அளவுகோல் சரியென்றால், பாறையையே கண்முன் நிறுத்தும் மறுஆக்கம் மூலத்தை விஞ்சியாக வேண்டும். விஞ்சவில்லை என்பது என் கட்சி. அதுவும், குகைக்கு மிக நெருக்கமான பகுதிகளில்தான் அது அதிகம் தோற்கிறது.

அந்த மறுஆக்கம் 2023 ஜனவரியில் வந்தது. செய்தவர்கள் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் இணையர். இந்த ஆட்டத்தில் மயங்கித்தான் ராபர்ட்டா 1980இல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ உருவாக்கினார். சாகச ஆட்டத்துக்குள் படம் புகுந்தது அதன் வழியாகத்தான். நாற்பதாண்டு கழித்துத் தன்னைத் தூண்டிய எழுத்துக்கே அவர் படம் போட வந்திருக்கிறார். வருணனைகளைக் கதைசொல்லியின் குரல் படிக்கிறது, சுற்றிலும் முப்பரிமாணக் குகை, வி.ஆர். கருவி மாட்டிக்கொண்டும் உள்ளே நடக்கலாம்.

நான் நின்று பார்க்க விரும்புவது ஒரு பாடபேதத்தை. க்ரௌதரிடம் ஒரு சிக்கல்வழிப் பகுதி உண்டு. அங்கே எல்லா அறைக்கும் ஒரே வருணனை. கையிலிருப்பதை அறைக்கு ஒன்றாகக் கீழே வைத்து அடையாளம் பண்ணிக்கொண்டுதான் வழி காண முடியும். வுட்ஸ் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தார். அதன் 11 அறைகளும் முதல் வாசிப்பில் ஒன்றுபோலவே ஒலிக்கும். உற்றுப் பார்த்தால் அதே நாலைந்து சொற்கள் ஒவ்வோர் அறையிலும் இடம் மாறி நிற்கின்றன. ஓரிடத்தில் சிறியது வழி. இன்னோரிடத்தில் சிறியது சிக்கல். ஓரிடத்தில் வழி வளைகிறது. இன்னோரிடத்தில் சிக்கலே வளைகிறது. எந்த அடை எந்தப் பெயரைச் சேர்கிறது என்று கவனிப்பவருக்குப் பதினொன்றும் தனித்தனி அறைகள். கவனிக்காதவருக்கு ஒரே இருட்டு. விளக்குக்கு மின்கலம் விற்கும் எந்திரம் இந்தச் சிக்கலின் கோடியில் இருக்கிறது. விளக்கு மங்கும் வேளையில் அங்கே போய்ச் சேர வேண்டியவருக்கு வாக்கியத்தின் சொல்வரிசைதான் வழிகாட்டி. (மின்கலத்துக்குப் போடும் காசும் ஒரு புதையல், போட்டால் மதிப்பெண் குறையும். வுட்ஸுக்குக் குறும்பு அதிகம்.)

இதைப் படமாக்கினால் என்ன ஆகும்? அறைகள் வேறுவேறாகத் தெரிந்தால் புதிர் பார்த்த மாத்திரத்தில் அவிழ்ந்துவிடும். ஒன்றுபோலத் தெரிந்தால் வுட்ஸின் சிக்கலுக்கும் க்ரௌதரின் சிக்கலுக்கும் வேறுபாடே இராது. குரல் படித்துக் காட்டுவது பாதி உதவிதான்: கண் பாறையில் இருக்கையில் காது அடைமொழியின் இடத்தைப் பிடிப்பது அரிது.

திசைகளின் கதை இன்னும் ஆழம். வடக்கே புறப்பட்டால் அடுத்த அறைக்குள் தெற்குப் பக்கமாகத்தான் நுழைவோம் என்ற உறுதி இந்த ஆட்டத்தில் கிடையாது. குகை வழிகள் வளைபவை என்பதால் இது மெய்யானதும்கூட. ஆனால் முப்பரிமாணத்தில் நடப்பவர் வளைவைக் கண்ணால் காண்கிறார். எங்கே திரும்பினோம் என்பது அவருக்குத் தெரியும். எழுத்தில் அந்த வளைவு இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே விழுந்து மறைகிறது. வந்த வழியே திரும்பினோம் என்று நினைப்பவர் வேறெங்கோ நிற்கிறார். குகையில் வழி தவறுவது எப்படியிருக்கும் என்பதைப் பாறையின் படத்தைவிட இந்த விடுபாடு நன்றாகச் சொல்கிறது.

இந்த விடுபாடு தற்செயலா, தேர்வா? சான்று மெலிது, ஆனாலும் தேர்வு என்றே வாதிடுவேன். நிரலின் தரவுப் பகுதியில் வழிகள் ஓர் அட்டவணையாக இருக்கின்றன: இருக்கும் இடம், போகும் இடம், ஆடுபவர் தட்டும் சொல். அவ்வளவுதான். தூரம் இல்லை, கோணம் இல்லை, சரிவு இல்லை. இதை எழுதியவர் அந்த எண்களை அறியாதவராக இருந்தால் வியப்பில்லை. ஆனால் க்ரௌதரும் அப்போதைய மனைவி பாட்ரிசியாவும் 1970களின் முற்பகுதியில் குகை அளவைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி வரைபடம் எடுத்தவர்கள். பாட்ரிசியாவோ 1972 செப்டம்பரில் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மம்மத் குகையும் ஒன்றே என்று கண்டுபிடித்த குழுவில் இருந்தவர். அடிக்கணக்கும் கோணக்கணக்கும் வீட்டிலேயே புழங்கிய மனிதர் அவற்றில் ஒன்றைக்கூட ஆட்டத்தின் அட்டவணைக்குள் விடவில்லை. பொறியின் நினைவகம் போதாமல் விட்டார் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் ஓர் அறைக்குப் பத்திக்கணக்கில் வருணனை வைக்க இடம் இருந்தது என்பதை அவர் விளக்கியாக வேண்டும்.

அந்த இரண்டாவது சிக்கல் நீங்கலாக, வுட்ஸின் சேர்க்கைகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. பாலத்தில் கூலி கேட்கும் பூதம், கம்பளத்தின்மேல் படுத்திருக்கும் டிராகன், எரிமலை எல்லாம் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டவை. எரிமலை வருணனை ஆட்டத்திலேயே மிக நீளமானது. எழுதியவர் படத்துக்கு ஏங்கியது வரிக்கு வரி தெரிகிறது. இங்கே மறுஆக்கம் தாராளமாக வெல்கிறது. கற்பனை லாபம் அடைய, நேரில் கண்டு எழுதியது நட்டப்படுகிறது. ஜெர்ஸின் அளவுகோலைக் கொண்டு இந்த முடிவை எட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு. க்ரௌதரின் நிரலில் மதிப்பெண்ணே இல்லை. 350 புள்ளிகள் என்ற கணக்கு வுட்ஸ் 1977இல் கொண்டுவந்தது. அவரே 1995இல் அதை 430 ஆக்கினார். 2023இல் படமாகியிருப்பது ஏற்கெனவே ஒரு மறுஆக்கம்.

கடைசியாகக் காலம். மீண்டு வந்த கோப்புகள் 1977 மார்ச் என்று சொல்கின்றன. அது வுட்ஸ் பிரதி எடுத்த காலத்தைக் காட்டுமே தவிர, க்ரௌதர் எழுதிய காலத்தை அல்ல. மணமுறிவுக்குப் பின் மகள்களுக்காக எழுதியது என்பது க்ரௌதரே சொன்னது. அது 1975ஆ 1976ஆ என்பது தீரவில்லை. என் வாதத்துக்கு இது சிறிய ஐயம் அன்று. 1975 எனில் வரைபட வேலை இன்னும் கைச்சூட்டோடு இருந்த காலம். எண்களைத் தெரிந்தே விலக்கினார் என்று துணிந்து சொல்லலாம். 1976 எனில் குகையை விட்டு விலகியவர் நினைவிலிருந்து எழுதினார் என்ற எதிர்வாதம் வலுக்கும். நான் விலக்கல் என்பதை மறதி என்று வாசிக்கவும் அப்போது இடமுண்டு.