ஒரே கட்டளை, இரண்டு அர்த்தம்

பணிசெயல் முறைமை பாடம் எங்கள் வகுப்புகளில் பெரும்பாலும் விண்டோஸோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நம் கையிலுள்ள அண்ட்ரொய்ட் போனுக்குள் இருப்பது லினக்ஸ். அதற்கு முன்மாதிரி, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ். அதில் எல்லா வேலையும் கட்டளைச் சொற்களை அடித்துத்தான்.

உரிமையாளரான ஏ.டி. அன்ட் டி. தொலைபேசிக் கம்பனி. 1956ஆம் ஆண்டு அரசாங்கத்துடன் செய்த இணக்கத்தின்படி அது கணினி வியாபாரத்தில் இறங்க முடியாது. ஆகவே மூலநிரலைக் குறைந்த கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. பேர்க்லி பல்கலைக்கழகம் அதைத் தன் போக்கில் வளர்த்து 1978இல் பீ.எஸ்.டி. என்று வெளியிட்டது. 1983இல் ஏ.டி. அன்ட் டி. 'சிஸ்டம் ஃபைவ்' என்று தன் பதிப்போடு சந்தைக்கு வந்தது.

பிரச்சினை இங்குதான். இரண்டிலும் கட்டளைகளின் பெயர் ஒன்று, பழக்கம் வேறு. 'எக்கோ' என்ற கட்டளை நாம் கொடுப்பதைத் திரையில் காட்டும். அடுத்த வரிக்குப் போகாமல் நிற்கவேண்டுமென்றால், பேர்க்லியில் முன்னால் சிறு கோடும் 'என்' எழுத்தும் போடவேண்டும். மற்றதில் கடைசியில் சாய்கோடும் 'சி' எழுத்தும். மாறிப் போட்டால் அந்தக் குறியே திரையில் வந்து நிற்கும்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கட்டளைகளைக் கோப்பொன்றில் வரிசையாக எழுதிவைத்து, காப்புப் பிரதி எடுப்பது போன்ற வேலைகளை இரவில் தானாக ஓடவிடுவார்கள். எழுதியவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், கோப்பு ஓடிக்கொண்டேயிருக்கும். இயந்திரம் மாறினால்?

சன் கம்பனிக்கு அந்த நிலைமை வந்தது. பேர்க்லி வழியில் இருந்த அவர்கள், 1992இல் வந்த சொலாரிஸ் 2இல் சிஸ்டம் ஃபைவுக்கு மாறினார்கள். பழைய வாடிக்கையாளருக்காகப் பேர்க்லிக் கருவிகளையும் தனிக் கோப்புறையில் வைத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் எந்தக் கோப்புறையை முதலில் தேடுவது என்பது ஒவ்வொருவரின் அமைப்பைப் பொறுத்தது. ஒரே கணினியில் ஒரே கட்டளை இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லும்!

1988இல் பொசிக்ஸ் என்ற பொதுத் தரம் வந்தது. 1992இல் கட்டளைகளும் அதற்குள் வந்தன. எக்கோ விடயத்தில் மட்டும் ஒரு தரப்பைச் சரியென்று சொல்லாமல், 'பிரிண்ட்எஃப்' என்ற வேறொரு கட்டளையைப் பாவியுங்கள் என்றார்கள். நமக்கு அது கெட்டித்தனமாகவே படுகிறது.

இது பழங்கதையுமில்லை. 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு, பழைய குனூ கருவிகள் பலவற்றுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியவற்றை வைத்தது. அதில் 'டேட்' கட்டளையிடம் ஒரு கோப்பின் திகதியைக் கேட்டால், தற்போதைய நேரத்தைச் சொன்னது. பிழை என்றாவது சொல்லியிருந்தால் யாராவது உடனே கவனித்திருப்பார்கள். சத்தமில்லாமல் தவறான பதில் போனதால், சில கணினிகள் புதுப்பிப்புகளைத் தானாகத் தேடுவதையே நிறுத்திவிட்டன. பிறகுதான் திருத்தினார்கள்.