கரையில் இறங்கிய உலோகமும் சுங்கமும்

பிறநாட்டுப் பொருள் ஒன்று நம் கரையில் இறங்கும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. இது என்ன பொருள்? இதன் எடையும் விலையும் எவ்வளவு? இதன்மேல் அரசு பெறவேண்டியது எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே பொருளை ஊருக்குள் விடுவது சுங்க முறையாகும். எங்கள் நெய்யூருக்கு அண்மையில் உள்ள குளச்சல், பழமையான துறை. இத்தகைய துறைகளிலிருந்து கப்பலேறிச் சென்ற மிளகைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையப் பேசுகின்றன. மிளகு சென்ற கடல்வழியே செம்பும் ஈயமும் இரும்பும் வந்திறங்கிய கதையை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் கதையையே இன்று மாணவர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல், மேலைக் கடற்கரைத் துறைகளுக்கு வந்த சரக்குகளைப் பட்டியலிடுகிறது. பவளம், கண்ணாடி ஆகியவற்றுடன் செம்பு, வெள்ளீயம், காரீயம் என்னும் மூன்று உலோகங்களும் அப்பட்டியலில் உள்ளன. வெள்ளீயம் நம் நாட்டில் அரிதாகக் கிடைப்பது. அதனைச் செம்போடு கலந்தே வெண்கலம் வார்க்கிறோம். ஆகவே அயல்நாட்டு உலோகம் நமக்கு ஆடம்பரப் பொருளன்று. நம் கன்னாருடைய உலைக்களத்துக்கு வேண்டிய மூலப்பொருள். அக்காலத்திலும் துறைமுகத்தில் காவல் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பொருள்களை அளந்து, சோழரின் புலி முத்திரையைப் பொறித்தனர் என்று பட்டினப்பாலை காட்டுகிறது. முத்திரை விழுந்தாலன்றி மூட்டை நகராது.

எனினும் முத்திரையிடும் அதிகாரம் நேர்மையாகவே நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? இதற்கு விடை தரும் கல்வெட்டு ஒன்று ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்னும் ஊரில் இருக்கிறது. காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் அதனைப் பொறிப்பித்தார். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கு முழுவதையும் முன்னாளில் அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்பதை அது மறைக்காமல் கூறுகிறது. இனி விதித்த சுங்கத்தைத் தவிர வேறொன்றும் கொள்ளோம் என வணிகருக்கு அபயம் அளிக்கிறது. அதன்பின், இன்ன சரக்குக்கு இன்ன வரி என்று விகிதங்களை வரிசையாகக் குறிக்கிறது. செம்பும் காரீயமும் அவ்வரிசையில் உள்ளன. வரியைக் கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்தியது சிறந்த செயலன்றோ? எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை வணிகன் கடலேறும் முன்பே அறியலாம். அதற்குமேல் அதிகாரி கேட்டால் கல்லைச் சுட்டிக் காட்டலாம்.

இனி எங்கள் பகுதிக்கு வருவோம். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மா, 1753இல் மாவேலிக்கரையில் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுதோறும் 12,000 ரூபாய் பெறுமான போர்க்கருவிகளைத் திருவிதாங்கூருக்குத் தருவதாக டச்சுக்காரர் அதில் ஒப்புக்கொண்டனர். கடல் கடந்து வரும் இரும்பு அரசியலின் அச்சாணியாகவும் இருந்தது என்பதற்கு இது சான்று.

அடுத்த நூற்றாண்டில் வேறொரு தொல்லை இருந்தது. கடலில் மட்டுமின்றி நாட்டின் எல்லையிலும் சுங்கம் நின்றது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கணவாய் வழியாக வரும் வண்டியை ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடி மறித்தது. தூத்துக்குடியில் இறங்கி ஒருமுறை வரி செலுத்திய இரும்புப் பாளம், திருவிதாங்கூர் எல்லையில் மறுமுறையும் செலுத்த நேர்ந்தது. அந்த இரட்டைச் சுமை இறுதியில் யார் தலையில் விழும்? மண்வெட்டி வாங்கும் உழவன் தலையில்தான். திவான் மாதவராவ் காலத்தில், 1865இல், பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பிரிட்டிஷ் இந்தியத் துறையில் ஒருமுறை வரி கொடுத்த பொருளுக்குத் திருவிதாங்கூரில் மீண்டும் வரியில்லை. வெளிநாட்டிலிருந்து நேராக வரும் பொருளுக்குப் பிரிட்டிஷ் இந்திய விகிதமே இங்கும் வரி. இவ்வாறு சுங்கம் ஒருமுகப்பட்டது.

பின்னர் 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் வந்தது. 1924இல் உருக்குத் தொழிலைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டு, ஜாம்ஷெட்பூர் உருக்கு நிலைபெறும்பொருட்டு அயல்நாட்டு உருக்கின்மேல் வரி உயர்ந்தது. கருவூலத்தை நிரப்பிய சுங்கம், நாட்டுத் தொழிலுக்கு வேலியாகவும் ஆயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமே இன்றைய அடிப்படை. இதன்படி இறக்குமதி செய்பவர் நுழைவுப் பட்டியல் ஒன்றைத் தாக்கல் செய்து, அதில் கண்டவை உண்மை என்று உறுதி கூறவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட எண் உண்டு. இரும்பும் உருக்கும் 72ஆம் அத்தியாயம், செம்பு 74, அலுமினியம் 76. பொருளை மாற்றிக் கூறினால் சரக்குப் பறிமுதலாகும், தண்டமும் உண்டு.

“வரி கொடுத்தால் போதாதா? இத்தனை சான்றிதழ்கள் எதற்கு?” என்று மாணவர்கள் கேட்கலாம். 2004 செப்டம்பரில் டில்லிக்கு அருகே காசியாபாத்தில் நடந்ததே அதற்கு விடை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பினுள் வெடிக்காத குண்டுகள் கிடந்தன. அவை உருக்காலையில் வெடித்துத் தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். துண்டு துண்டாக நறுக்கப்படாத பழைய இரும்பு, ஏற்றுமதித் துறையிலேயே சோதிக்கப்பட்டு, வெடிபொருளும் கதிரியக்கமும் இல்லை என்ற சான்றிதழோடு வரவேண்டும் என்னும் விதி அதன்பின் கடுமையாக நடைமுறைக்கு வந்தது.

குற்றம் எப்போதும் பிறர் பக்கமே என்று எண்ணவேண்டாம். 2008இல் பிரான்சு நாட்டில், மின்தூக்கிகளுக்கான பொத்தான்களில் கோபால்ட்-60 கதிரியக்கம் கண்டறியப்பட்டது. அவற்றுக்கான உருக்கு இந்தியாவிலிருந்து சென்றது. 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய எங்கள் நெய்யூர் இன்று புற்றுநோய் மருத்துவத்துக்கும் பெயர் பெற்ற ஊர். கதிரியக்கம் மருத்துவர் கையில் உயிர் காக்கும் என்பதை நாங்கள் அறிவோம். அதுவே குறிப்பின்றிப் பழைய இரும்பில் கலந்தால், அறியாதவர் உடலைத் தாக்கும். பெட்டியில் இருப்பது என்ன என்று உண்மையாக எழுதி வைப்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

சுங்க விதி இருபுறமும் கட்டும் வாக்குறுதி என்பதே வரலாறு நமக்குக் கற்பிப்பது. விதித்ததற்குமேல் கொள்ளோம் என்பது அரசின் வாக்கு. உள்ளதை மறையோம் என்பது வணிகரின் வாக்கு. முதல் வாக்குத் தவறினால் துறைமுகம் பாழாகும். இரண்டாவது தவறினால், ஏதுமறியாத தொழிலாளியின் உயிர் போகும். நாளை உங்களுள் சிலர் வணிகராகலாம்; சிலர் அதிகாரியாகலாம். மோட்டுப்பள்ளிக் கல் இருவருக்கும் உரியது.