உபின் தீவு: கல் தந்த தீவும் காக்கப்பட்ட கரையும்

"சிங்கப்பூரில் கட்டடங்களைத் தவிரப் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது?" என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. அவர்களை நான் சாங்கி முனைப் படகுத்துறைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் விசைப்படகு புறப்படும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் புலாவ் உபின் வந்துவிடும். தகரக் கூரை வீடுகளும், மிதிவண்டிக் கடைகளும், சீனக் கோயிலும், அதன் எதிரே நாடக மேடையும் கொண்ட சிற்றூர் அது. அதன் வரலாற்றை அறிந்து பார்த்தால் வியப்போடு நன்றியுணர்வும் பிறக்கும்.

மலாய் மக்களிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது. தவளை, பன்றி, யானை ஆகிய மூன்றும் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர்க் கரைக்கு நீந்திச் செல்லப் போட்டியிட்டன. தோற்றவை கல்லாகிவிடும் என்பது நிபந்தனை. மூன்றுமே கரை சேரவில்லை. பன்றியும் யானையும் உபின் தீவாயின. தவளை, அருகிலுள்ள செக்குடு என்னும் சிறு தீவாயிற்று.

ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உபின், உண்மையிலேயே கருங்கல் தீவுதான். 1851இல் ஒளிவிடத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இத்தீவின் கல்லால் எழுந்தது. 1855இல் ஒளியேற்றப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும் கல் இங்கிருந்தே சென்றது. அதன் கட்டுமானத்தில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பும் உண்டு. 1924இல் நிறைவுற்ற ஜொகூர் கடற்பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. விடுமுறைதோறும் அப்பாலத்தைக் கடக்கும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

கல்லுடைக்கும் தொழில் 1999இல் முடிவுக்கு வந்தது. வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. அவற்றில் இன்று நாரைகள் கூடு கட்டுகின்றன. தொழில் சுருங்கச் சுருங்க மக்களும் வெளியேறினர். 1952இல் தொடங்கிய பின் கியாங் சீனப்பள்ளி, மாணவர் குறைந்ததால் 1985இல் மூடப்பட்டு, 2000இல் இடிக்கப்பட்டது. ஓர் ஆசிரியனாக இச்செய்தியை வருத்தமின்றி எழுத இயலவில்லை.

தீவில் வியப்பூட்டும் வழிபாடு ஒன்றும் உண்டு. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஆங்கிலேயப் படையினர் இங்கிருந்த ஜெர்மானியக் காப்பித் தோட்டக் குடும்பத்தைச் சிறைபிடிக்க வந்தனராம். அஞ்சி ஓடிய மகள் பாறைச் சரிவில் விழுந்து மாண்டாள் என்பது செவிவழிச் செய்தி. அவளுக்காக எழுந்த சிறு கோயிலில் இன்றும் வாசனைத் திரவியமும் ஒப்பனைப் பொருள்களும் படைக்கப்படுகின்றன. பெயர் தெரியாத அயல்நாட்டுச் சிறுமியைத் தெய்வமாக்கிய மனம் நமக்கும் புதிதன்று. நம் ஊர்களிலும் அகால மரணமடைந்த கன்னியரைத் தெய்வமாக வணங்குகிறோம் அல்லவா?

இனி, தீவின் கிழக்கு முனையான செக் ஜாவாவுக்கு வருவோம். கடலோரக் காடு, சதுப்புநிலக் காடு, மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் திட்டு, பவளச் சிதைவுத் திட்டு ஆகிய ஆறு வாழிடங்களும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. நீர் வற்றும் வேளையில் நட்சத்திர மீன்களையும் கடல் வெள்ளரிகளையும் காணலாம். இக்கரையை மண்ணிட்டு மூடி நிலமாக்கும் பணி 2001ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கவிருந்தது. செய்தி பரவியதும் மக்கள் திரளாகச் சென்று பார்த்தனர். ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் உயிரினங்களைப் பதிவு செய்தனர். பலர் அரசுக்குக் கடிதம் எழுதினர். அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் அங்கு பலகை நடைபாதை திறக்கப்பட்டது.

மற்றொரு நற்செய்தியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன இருவாட்சிப் பறவை, 1994இல் உபினில் மீண்டும் காணப்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை சிறு துளை வழியே இரையூட்டும். காடு எஞ்சியிருந்ததால்தான் அப்பறவைக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றை மறந்துவிடலாகாது. செக் ஜாவா திட்டம் ஒத்திவைக்கப்பட்டதே அன்றிக் கைவிடப்படவில்லை. அந்நிலம் வளர்ச்சிக்குத் தேவைப்படாதவரை அப்படியே இருக்கும் என்பதே அன்று கூறப்பட்டது. 2001இல் அக்கரைக்காகக் குரல் கொடுத்தவர்கள் அதை நேரில் கண்டவர்கள். நாளை குரல் கொடுக்க வேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் நீர் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, பிள்ளைகளை உபினுக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடும் கொடுங்கள். இருவாட்சி, கடற்புல், கடல் வெள்ளரி என்று தாம் கண்டவற்றின் பெயர்களை அவர்கள் தமிழில் எழுதிவரட்டும்.