கட்டளை வரியின் கடைசிக் குறி

மேகக் கணிமை என்பது பிறர் நடத்தும் தரவு மையங்களிலுள்ள கணினிகளை இணையம் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் முறை. அதற்கான வழிகாட்டி ஆவணங்களில் நீண்ட கட்டளைகளை இரண்டு மூன்று வரிகளாக மடித்து எழுதுவது வழக்கம். மடிக்கும் இடத்தில் வரியின் இறுதியில் இடப்படும் குறி, அதை எழுதியவர் எந்த இயங்குதளத்தின் முன் அமர்ந்திருந்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். யூனிக்ஸ் மரபில் வந்த பாஷ் ஷெல்லில் அது பின்சாய்கோடு. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் கூரை வடிவக் குறி. அதன் புதிய கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லிலோ பின்பக்கம் சாய்ந்த ஒற்றை மேற்கோள். ஒன்றுக்காக எழுதப்பட்டதை மற்றொன்றில் அப்படியே ஒட்டினால், முதல் வரி அரைகுறையாக ஓடி, அடுத்த வரிகள் பிழைச்செய்திகளாகத் திரும்பும்.

இந்தப் பிளவு மேகக் கணிமையைவிட மிகப் பழையது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் உருவாகத் தொடங்கி, 1971 நவம்பரில் முதல் கையேட்டைக் கண்ட யூனிக்ஸ், கோப்புறைகளைப் பிரிக்கச் சாய்கோட்டைப் பயன்படுத்தியது. விண்டோஸுக்கு முன்னோடியாக 1981-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸில் கோப்புறைகளே இல்லை. சாய்கோடு அங்கே கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கும் அடையாளமாக ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், 1983-இல் இரண்டாம் பதிப்பு கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது பாதையைப் பிரிக்கும் வேலை பின்சாய்கோட்டிடம் போய்ச் சேர்ந்தது. ஒரே குறி ஒரு மரபில் பாதையைப் பிரிக்கவும், மற்றொன்றில் அடுத்த எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்கவும் வரியை நீட்டவும் பயன்பட்ட நிலை இவ்வாறுதான் உருவானது.

அமேசான் நிறுவனம் 2006 ஆகஸ்டில் ஈசி2 என்னும் மெய்நிகர் கணினிச் சேவையைச் சோதனை முறையில் தொடங்கியபோது அதில் லினக்ஸ் மட்டுமே ஓடியது. சென் என்னும் அடித்தள மென்பொருள் அன்று கையாண்ட முறைக்கு இயங்குதளத்தின் கருநிரலையே திருத்தியமைக்க வேண்டியிருந்ததும், மூலநிரல் திறந்திருந்த லினக்ஸில் அது எளிதாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம். விண்டோஸ் 2008 அக்டோபரில்தான் அங்கே வந்தது. இடைப்பட்ட ஈராண்டில் ஆவணங்களின் நடை உறைந்துவிட்டது: அந்தரங்கச் சாவிக் கோப்பை இறக்கிக்கொள்ளுதல், அதன் அனுமதியை 400 என மாற்றுதல், எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பால் உள்ளே நுழைதல் என்பதே வரிசை. இம்மூன்றில் பின்னிரண்டும் அன்றைய விண்டோஸில் அப்படியே நடக்காதவை. எஸ்எஸ்எச் கருவி அதனுடன் வராததால் விண்டோஸ் பயனர் புட்டி என்னும் இலவச மென்பொருளை நிறுவி, சாவிக் கோப்பை அதற்குரிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்கான விளக்கம் தனிப்பக்கமாக ஒதுங்கி நின்றது.

மைக்ரோசாஃப்டின் கதை இதன் மறுபக்கம். 2008-இல் அறிவிக்கப்பட்டு 2010-இல் விற்பனைக்கு வந்த அதன் மேகச் சேவைக்கு விண்டோஸ் அஷூர் என்றே பெயர். வாசகரிடம் விஷுவல் ஸ்டுடியோ என்னும் நிரலாக்கக் கருவியும் பவர்ஷெல்லும் இருக்கும் என்பதே எழுதப்படாத அனுமானம். லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் 2012-இல் முன்னோட்டமாக நுழைந்தன. 2014-இல் பெயரிலிருந்த விண்டோஸ் உதிர்ந்தது. 2018 அளவில் அங்குள்ள மெய்நிகர் கணினிகளில் ஏறத்தாழப் பாதி லினக்ஸில் ஓடுவதாக நிறுவனத்தின் தரப்பிலேயே கூறப்பட்டது. ஆயினும் விண்டோஸ் எடுத்துக்காட்டை முதலிலும் லினக்ஸை அதன் பின்னரும் வைக்கும் பழக்கம் பல பக்கங்களில் தொடர்ந்தது. இதில் சூழ்ச்சியைத் தேடுவது வீண். எழுதுபவரின் மேசையில் எது இருந்ததோ அதுவே முதலில் சோதிக்கப்பட்டது, சோதிக்கப்பட்டது முதலில் அச்சேறியது.

அதிகம் பேசப்படாத மூன்றாவது சாய்வு ஆப்பிளின் மேக் கணினியுடையது. அதன் இயங்குதளமும் யூனிக்ஸ் வழிவந்தது என்பதால் லினக்ஸையும் அதையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிடுவார்கள். ஆனால் கோப்பை நேரடியாகத் திருத்தும் செட் கட்டளையின் ஐ விருப்பத்தேர்வு, மேக்கில் காப்புக் கோப்பின் பின்னொட்டைக் கட்டாயம் கேட்கும், லினக்ஸில் கேட்காது. விண்டோஸ் வாசகருக்காவது தாம் அயலார் என்பது தெரியும்; இங்கே அந்த எச்சரிக்கையும் கிடையாது. இதற்கு இணையான பொறி பவர்ஷெல்லிலும் இருந்தது: 2012-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, இணைய முகவரிகளை அழைக்கும் கர்ல் என்ற பெயரைத் தன்னுடைய வேறொரு கட்டளைக்குச் சூட்டிவிட்டதால், ஆவணத்தில் கண்டபடி தட்டச்சு செய்தவருக்கு வேறு கட்டளையே பதில் சொன்னது.

சீர்திருத்தம் ஆவணங்களைவிட இயங்குதளங்களில் விரைந்து நடந்தது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் நிரல்களை ஓட்டும் துணையமைப்பு 2016-இல் அறிமுகமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் பவர்ஷெல் திறந்த மூலமாகி லினக்ஸுக்கும் மேக்குக்கும் சென்றது. 2018-இல் உண்மையான கர்லும் எஸ்எஸ்எச் கருவியும் விண்டோஸ் 10-உடனேயே வரத் தொடங்கின. உலாவிக்குள் திறக்கும் கட்டளைச் சாளரத்தை அஷூர் 2017-இலும் அமேசான் 2020-இலும் வழங்கியதால், வாசகரின் சொந்தக் கணினி எதுவாயினும் கட்டளைகள் நிறுவனத்தின் கணினிகளிலேயே ஓடின. ஆவணப் பக்கங்களிலும் பாஷ், பவர்ஷெல் எனத் தனித்தனித் தத்தல்கள் பெருகின. எனினும் அவற்றில் எது முதலில் திறந்திருக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டியே இருக்கிறது.