ஏழு என்னும் கணக்கு: லகோட்டாப் பிரிவுகளும் சடங்குகளும்

லகோட்டா மக்களைப் பற்றிய நூல்களில் ஏழு என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. ஒச்செத்தி ஷகோவின் என்ற ஏழு அவைத்தீக் கூட்டமைப்பில் லகோட்டா ஒரு பிரிவு. அதற்குள்ளும் ஒக்லாலா, சிச்சாங்கு, ஹுங்க்பாப்பா, மினிகோன்ஜு, இதாசிப்சோ, சிஹாசாப்பா, ஒஒஹெனும்பா என ஏழு குடிகள். சமயச் சடங்குகளும் ஏழு. இந்த ஏழு நிறைவைக் குறிக்கும் எண். அதைக் குடிக்கணக்காக வாசிப்பதால்தான் லகோட்டா ஆய்வில் பல குழப்பங்கள் நேர்ந்துள்ளன என்பது என் வாதம்.

வெளியார் வகுத்த கச்சிதம் மொழியிலேயே தொடங்கிவிடுகிறது. மேற்கே லகோட்டா, கிழக்கே டகோட்டா, நடுவிலுள்ள யாங்க்டன், யாங்க்டனாய் மக்கள் பேசுவது நகோட்டா என்பது பழைய பாகுபாடு. பேச்சு அப்படி இல்லை. நண்பனை லகோட்டாக்கள் ‘கோலா’ என்பார்கள். யாங்க்டன் மக்கள் கிழக்கத்தியரைப் போலவே ‘கோடா’ என்கிறார்கள். தங்களை டகோட்டா என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ‘கோனா’ என்போர் கூட்டமைப்புக்கு வெளியிலுள்ள அசினிபாயின் மக்கள். ஆய்வாளர்கள் டக்ளஸ் பார்க்ஸும் ரேமண்ட் டிமாலியும் 1992இல் இதைத் தெளிவாக்கிய பிறகும் பழைய முக்கூறு வழக்கொழியவில்லை.

குடிப்பிரிவு இன்னும் சிக்கலானது. அன்றாட வாழ்வு நடந்தது திஒஷ்பாயே என்னும் உறவுக் கூட்டத்தில்தான். தலைவன் பிடிக்காவிட்டால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு உறவினரிடம் போய்ச் சேரலாம். தலைவர்களான ரெட் கிளவுட், கிரேசி ஹார்ஸ் இருவரும் ஒக்லாலாக்களே. முன்னவர் அமெரிக்க அரசுடனான 1868 லாரமி கோட்டை உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். பின்னவர் ஒப்பமிடவே இல்லை, 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்டார். குடியின் பெயரை வைத்து இருவரின் அரசியலை ஊகிக்க முடியாது. 1889ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் நிலத்தைத் தனித்தனி ஒதுக்கிடங்களாகக் கூறுபோட்டபோது சிச்சாங்குகள் ரோஸ்பட், லோயர் புரூலே என இரண்டு ஒதுக்கிடங்களுக்கு உரியவர்களானார்கள். ஷயான் ரிவரில் நான்கு குடிகள் ஒன்றாக்கப்பட்டன. ஸ்டாண்டிங் ராக்கில் ஹுங்க்பாப்பாக்களோடு டகோட்டா பேசும் யாங்க்டனாய்களும் சேர்ந்தார்கள். இன்று ‘பழங்குடி அரசு’ எனப்படுவது இந்த எல்லைகளின் வழிவந்தது.

சமயத்தில்தான் ஏழின் பிடி மிக வலுவானது. ஏழு சடங்குகளின் பட்டியல், லகோட்டாச் சமயப் பெரியவர் பிளாக் எல்க் சொல்ல ஜோசப் எப்ஸ் பிரவுன் எழுதி 1953இல் வெளிவந்த நூலால் பரவியது. பிளாக் எல்க் 1904இல் கத்தோலிக்கரானவர். பல ஆண்டுகள் வேதியராக மறை போதித்தவர். கத்தோலிக்கத் திருவருட்சாதனங்களும் ஏழே. அதனால் பட்டியல் போலி என்று நான் சொல்ல மாட்டேன். நீராவிக் குடிலும் காட்சித் தவமும் சூரிய நடனமும் அவருக்கு வெகுகாலம் முன்பே வழங்கியவை. கேட்க வேண்டியது, பட்டியலில் எது விடுபட்டது என்பதே.

யுவிப்பி என்னும் நோய்தீர்க்கும் சடங்கு விடுபட்டிருக்கிறது. தட்டுமுட்டுச் சாமான்களை வெளியேற்றி, சன்னல்களைப் போர்வையால் மூடுவார்கள். புகையிலை முடிந்த சிறு துணிப் பொட்டலங்களைச் சரமாக்கிச் சடங்கிடத்தைச் சுற்றி வைப்பார்கள். பூசாரியின் விரல்களைக் கட்டி, மெத்தை விரிப்பால் தலையோடு போர்த்தி, கயிற்றால் இறுக்குவார்கள். விளக்கணைந்ததும் பாட்டு எழும். நோயாளிக்காக ஆவிகள் வந்து பேசும். மீண்டும் விளக்கேற்றும்போது பூசாரி கட்டவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். திறந்தவெளியில் நடக்கும் சூரிய நடனம் அமெரிக்க அரசின் 1883 விதிகளால் தடைசெய்யப்பட்டது. யுவிப்பியோ பூட்டிய வீட்டுக்குள் இரவில் நடப்பதால், அதிகாரிகள் கண்ணுக்குத் தப்பியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஒக்லாலாக்களின் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நோய்க்கு மக்கள் நாடிய சடங்கு இது. பட்டியலைச் சமயமாகக் கொள்வோர் இதை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

லகோட்டாக்களே ஏழைப் போற்றுகிறார்களே என்று கேட்கலாம். போற்றுகிறார்கள்தான், ஆனால் வரலாற்றுக் காலத்தில் ஏழு தீக்களும் ஓர் அரசாக அமர்ந்து ஆண்டதற்குச் சான்றில்லை. ஏழின் வலிமை ஆட்சியில் அல்ல, ஒன்றுபட்ட உரிமைகோரலில் வெளிப்படுகிறது. 1877இல் பறிக்கப்பட்ட பிளாக் ஹில்ஸ் மலைகளுக்காக, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் தர அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. வறுமை மிகுந்த பைன் ரிட்ஜ் உட்பட எந்தப் பழங்குடி அரசும் அந்தப் பணத்தைத் தொடவில்லை, கேட்டது நிலம்.