ஏரி வேலை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டும் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மக்களாட்சியின் தொட்டில் என்று பாடநூல்கள் அவற்றைக் கொண்டாடுகின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அவற்றைக் குறிப்பிட்டார். குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. அதில் ஆறு பேர். உறுப்பினராகும் ஒருவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்குமேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவையும் வேண்டும். வேதத்தில் கூடுதல் பயிற்சி இருந்தால் நிலத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. கணக்குக் காட்டாமல் போனவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. இத்தனை நுணுக்கமாக எழுதியவர்கள் பெண்களுக்கு இடமில்லை என்று எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை. நிலமும் வேதமுமே அந்த வேலையைச் செய்துவிட்டன.

இந்தக் கல்வெட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி வேறு. அந்த ஆறு பேரும் மண் சுமந்திருக்க மாட்டார்கள். வைரமேகத் தடாகத்தைத் தூர்வாரப் பொன் வைத்துப் போனவர்களைப் பற்றி அவ்வூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தப் பொன்னைக் கூலியாகப் பெற்று, சும்மாடு கட்டிக் கூடை தூக்கிக் கரையேறியவர்கள் யார்?

புவியியல் பாடத்தில் உலகின் சூழல் மண்டலங்கள் என்று காடு, புல்வெளி, பாலைவனம், பனிவெளி, கடல் எனப் பட்டியல் வரும். ஏரி அந்தப் பக்கத்தில் இருக்காது. பாசனம் என்ற இன்னொரு பாடத்தில், கிணறு, கால்வாய் ஆகியவற்றோடு ஒரு வரியாக இருக்கும். தொண்டை மண்டலத்துக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது. இங்கே வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். சரிவான நிலத்தின் குறுக்கே அரைவட்டமாகக் கரை போட்டு, மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்தாகும்படி கோர்த்துப் பின்னிய வலைதான் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியின் மருதநிலம். இயற்கை தராத ஈரநிலத்தை மனித உழைப்பு உண்டாக்கியது. கெண்டையும் விராலும் நத்தையும் கோரையும் கொட்டிக்கிழங்கும் நீர்க்காகமும் பிறகு தாமாக வந்து சேர்ந்தன.

மனிதர் கை பட்டாலே இயற்கை கெடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு வேடந்தாங்கல் போதும். அதுவும் ஒரு பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்குக் கவுலாக எழுதிக் கொடுத்தார். வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான உடன்படிக்கை 1971இல் உருவானது. 1970க்கும் 2015க்கும் இடையில் உலக ஈரநிலங்களில் 35 விழுக்காடு மறைந்துவிட்டது என்பது அந்த அமைப்பே 2018இல் வெளியிட்ட கணக்கு. காடு அழியும் வேகத்தைப் போல மூன்று மடங்கு.

ஏரிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் மண் சுமந்தவர்கள் அல்லர். மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம். காஞ்சிக்குப் பக்கத்தில் கூரத்தில் பரமேசுவர தடாகம். அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாய்க்கும் பெரும்பிடுகு என்று அரச விருதுப் பெயர். பல்லவர்களின் ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து, அவர்களின் நீர்ப்பாசனத்தையும் கணக்கில் எடுத்து, முதன்முதலில் முழுநூலாக எழுதியவர்களில் ஒருவர் கடாம்பி மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1936இல் பட்டம், 1938இல் நூல், 1940இல் 35 வயது நிறைவதற்குள் மரணம். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவர் நூல் அவர் இறந்த பிறகுதான் வந்தது. அரசர்களின் தடாகங்களை வரலாற்றுக்குள் கொண்டுவரவும் ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள். அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு தெரு இருந்தால் குறையாது.

காப்பியமும் ஒரு செய்தி சொல்கிறது. மணிமேகலையில் காஞ்சி மழையின்றி வாடிய நகரம். பசிக்குச் சோறு கொண்டு வருபவள் ஒரு பெண். பொய்கையும் பொழிலும் அமைக்கச் சொன்ன தெய்வமும் பெண். அமைத்தவன் மட்டும் அரசன். உணவையும் நீரையும் பெண்ணோடு சேர்த்து நினைக்கத் தெரிந்த மரபு, ஏரி வாரியத்தில் அவளை நினைக்கவில்லை.

ஏரியிலிருந்து பெண்கள் பெற்றது வாரியத்தின் கணக்கில் வராதது. நீர் வற்றிய உள்வாயில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல். கரையோரத்தில் பொன்னாங்கண்ணி, வல்லாரை. சேற்றில் நத்தை, நண்டு. நிலமில்லாத வீட்டின் குழம்பு பெரும்பாலும் இப்படித்தான் கொதித்தது. ஆனால் ஏரி எல்லோருக்கும் ஒரே ஏரியாக இருந்ததில்லை. மண் சுமக்கச் சேரிப் பெண் வேண்டும். அவள் குடம் ஊர்க் குளத்தில் படக் கூடாது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தது 1924 ஆகஸ்டில். செப்டம்பரில் அரசாணை வந்தது. குடம் குளத்துக்குப் போய்ச் சேர அதற்குப் பிறகும் எத்தனை ஆண்டுகள் ஆயின என்று ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. பழைய ஏரி முறையைப் பொற்காலமாக எழுதும் சூழலியல் நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

கம்பெனி ஆட்சிக்கு முன்பு ஊர் விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஊர்களை அளந்து எழுதிய பதிவுகளில் அதைப் பார்க்கலாம். வரி இறுகியதும் அந்தப் பங்கு கரைந்தது. 1850களில் வாலாஜா அருகே பாலாற்றில் அணைக்கட்டு எழுந்து பல ஏரிகளுக்கு நீர் கொடுத்தது உண்மை. ஏரியைப் பேண ஊரிடம் மிச்சமிருந்தது உழைப்பு மட்டுமே. அதையும் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள், 1858இல்.

பாலாறு வறண்ட ஆறு என்று சொல்வார்கள். அது மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. கோடையிலும் ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் குடம் நிறையும். தோண்டியவர்கள் பெண்கள். அந்த மணலை லாரிகளில் அள்ளியபோது போனது ஊற்று. மேலே வேலூர், இராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் ஆற்றில் சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியானது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களின் கணக்கெடுப்பும் அதில் வருகிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின, பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்று அங்கே வருகிறது. சூழலியல் சட்டத்தின் மைல்கல் என்று சொல்லப்படும் ஆவணத்துக்குள் பெண் குடத்தோடு நுழைகிறாள், அந்த வரியோடு போய்விடுகிறாள். இழப்பீட்டைக் கணக்கிட்டபோது நிலத்துக்கு விலை இருந்தது. அவள் நடந்த நேரத்துக்கு இல்லை. அந்த நிலங்களுக்கும் ஈடு முழுமையாகக் கிடைக்காமல் 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் ஆலைகளைக் குறை சொல்வது காஞ்சிபுரத்தாருக்கு எளிது. பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்கு அந்த மினுக்கு என்று பெருமை பேசுவோம். பட்டின் பசை நீக்கவும் சாயம் ஏற்றவும் நிறையத் தண்ணீர் வேண்டும். சாயப்பட்டறைக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டது வேகவதி. திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடும் ஆறு அது. 2019இல் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து அத்திவரதர் வெளியே வந்த 48 நாளும் நீரிலிருந்து எழும் கடவுளைக் காண நாடே இங்கே வந்தது. வேகவதியைப் பார்க்க யாரும் வரவில்லை. ஒரு சேலைக்குத் தறியில் அமர்பவர் பெயர் உண்டு. இழை எடுத்து, ராட்டையில் தார் சுற்றித் தரும் வீட்டுப் பெண்ணின் வேலை 'கூடமாட ஒத்தாசை'. ஏரியில் நடந்ததுதான் தறியிலும் நடக்கிறது.

இந்த வரலாற்றில் ஓர் உடைப்பு 2008இல் நிகழ்ந்தது. ஊரக வேலை உறுதித் திட்டம் அந்த ஆண்டு எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. அரசு வைத்த பெயர் எதுவானாலும் ஊர்ப் பெண்கள் அதை 'ஏரி வேலை' என்றார்கள். செய்த வேலையில் பெரும்பகுதி ஏரியிலும் கால்வாயிலும் தூர் எடுப்பதுதான். தமிழ்நாட்டில் அந்த வேலைநாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டப்படி ஒரே கூலி. எனக்கு முக்கியமாகப் படுவது வருகைப் பட்டியல். இந்த மண்ணில் ஏரிக்கு மண் எடுத்த பெண்களின் பெயர்கள், ஆள் ஆளாக, நாள் நாளாக, அரசு ஆவணத்தில் இத்தனை பெருந்தொகையாக ஏறியது அதுவே முதல் முறை. 921இல் கல்லில் இல்லாத பெயர் காகிதத்துக்கு வந்தது. உடனே கேலியும் வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று டீக்கடையிலும் மேடையிலும் சொன்னார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலில் பாதி, குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான்.

அதே ஏரிகளில் சில இப்போது வரைபடத்தில் வேறொன்றாக இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதற்குள் பல ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. திருப்பெரும்புதூர் ஏரிக்குப் போகும் கம்பன் கால்வாய் அதன் ஊடே ஓடுகிறது. ஒரு கண்ணியை எடுத்தால் மேல் ஏரி எங்கே வழியும், கீழ் ஏரி எதனால் நிறையும் என்று கேட்க நீரியல் பட்டம் வேண்டியதில்லை, தூர் எடுத்த அனுபவம் போதும். ஏகனாபுரத்தில் வேலை முடித்து வந்து இரவில் திரண்டு உட்கார்ந்த கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருத்தியும் உறுப்பினர். கால் வேலியும் வேதமும் அங்கே தேவையில்லை. விமான நிலையம் வேண்டாம் என்று அந்தச் சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. நிலம் கையகப்படுத்தும் அறிவிப்புகளும் வந்துகொண்டே இருந்தன.